பன்னிரண்டாம் அட்டை

அண்ணி பியானோ வாசிக்கும்போது பக்கம் மாற்றுவது நான். "நாத்தனாரை நம்பியா அந்த வேலையைக் கொடுக்கிறது?" என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். கேட்பார்கள், அவர்களுக்கென்ன!

ஆறு வருடத்துக்கு முன் ஒரு மேடையில், பாதியில் மறந்துபோய் எழுந்து வந்துவிட்டவள் அண்ணி. அதற்குப் பிறகு இன்றுதான் ஏறுகிறாள். "நோட்டு கண்ணு முன்னாடி இருந்தா வாசிக்கிறேன். இல்லேன்னா ஆளை விடு" என்றாள். இன்றும் நின்றுபோனால் பியானோவையே விற்றுவிடுவாளாம்.

எடுத்துக்கொண்டது சொனாட்டா என்று பியானோவுக்கென எழுதிய ஒரு நீள உருப்படி, நூறு வருடத்துக்கு மேல் பழசு. மூன்று பகுதி. முதலாவது, எடுத்த எடுப்பிலேயே சண்டை. இடது கை சொல்வதை வலது கை ஒப்புக்கொள்ளாது. எழுதிய மனிதர் வீட்டிலும் ஒரு நாத்தனார் இருந்திருக்க வேண்டும். இரண்டாவது, சண்டை போட்டவள் கதவைச் சாத்திக்கொண்டு அழுவது. அது முடிந்த கையோடு, மூச்சுவிட இடம் கொடுக்காமல் மூன்றாவது: பஸ்ஸைப் பிடிக்க ஓட்டம்.

தாள் சரிந்து தொலைக்கக் கூடாதென்று ஒவ்வொரு பக்கத்தையும் நகலெடுத்துத் தனித்தனி அட்டையில் ஒட்டியவளும் நான்தான். அண்ணி தலையசைத்தால் முன்னால் இருப்பதை எடுத்துவிட வேண்டும். முதல் பகுதி ஜோராகப் போனது. இரண்டாவதில் தலையசைத்தாள். பதினொன்றை எடுத்தேன். பின்னால் இருந்தது பதிமூன்று!

ஐயோ! பசை காயட்டும் என்று வாஷிங் மெஷின் மேல் வைத்த பன்னிரண்டு அங்கேயே கிடக்கிறது. வேண்டுமென்றே செய்தாள் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும், அண்ணி நின்றுவிட்டால்?

பயந்துகொண்டே திரும்பிப் பார்த்தேன். கண்ணை மூடியிருந்தாள். விரல்கள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. பன்னிரண்டு முடிகிற இடத்தில், வழக்கம்போலத் தலையசைத்தாள். நானும் கையை நீட்டி, இல்லாத அட்டையை எடுத்தேன். கண்ணைத் திறந்தாள், பதிமூன்று எதிரே இருந்தது, விரல்கள் பஸ்ஸைப் பிடிக்க ஓடின.

கைதட்டல் அடங்கியதும் திரைக்குப் பின்னால் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணி, திட்டாதீங்க. பன்னிரண்டாம் அட்டை வீட்டுல இருக்கு. சத்தியமா மறந்துதான் போச்சு."

"என்னடி உளர்றே?" அட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணினாள். மறுபடி எண்ணினாள். "அப்ப நான் எதைப் பாத்து வாசிச்சேன்?"

"எதையும் பாக்கல."

அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். எனக்கும் தாங்கவில்லை. பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு அட்டைக்கட்டை என் மடியில் போட்டாள்.

"அடுத்த மாசம் இது வேணாம். நீ மட்டும் வந்து பக்கத்துல உட்காரு."