முன்சக்கரம்

அன்று காலை என் வீட்டுக்காரர் வாசற்படியில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார். இடது கை முடிந்திருந்தது. அதற்குள் கம்பெனி பஸ் ஹாரன் அடித்துவிட்டது.

"இன்னொரு கைய சாயங்காலம் பாத்துக்கலாம். மச்சான் கேட்டா பாக்கெட்டுக்குள்ள விட்டுக்கறேன்."

"அண்ணன் பாக்கெட்டையும் பாப்பாரு."

"மேனேஜர்கூட என் நகத்தப் பாத்ததில்ல. உங்கண்ணனுக்கு மட்டும்தான் அந்தப் பாக்கியம்" என்று சிரித்துக்கொண்டே நகவெட்டியை ஜன்னலில் வைத்தார்.

ஹோட்டல் துணிகளை வெளுத்துக் கொடுக்கும் பெரிய சலவை ஆலை அது. முந்நூறு பேர் வேலை செய்தோம். எங்கள் மொழி பேசுகிறவர்கள் பதினொரு பேர்தான். எங்களில் முதன்முதலாக மேஸ்திரி ஆனவர் என் அண்ணன். தினமும் கேட்டருகே நின்று எங்கள் மற்றப் பத்துப் பேரின் காலரையும் நகத்தையும் பார்ப்பார். மற்றவர்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டு போவார்கள். வெட்கமாக இருக்கும். கொஞ்சம் பெருமையாகவும் இருக்கும். அதை மறைத்து என்ன பயன்?

கிழக்குப் பக்கத்துச் சரக்கு லிஃப்டில்தான் எங்களுக்கு வேலை. அதன் கதவு கெட்டிருந்தது. லிஃப்ட் கீழே நின்றாலும் மேல்மாடியில் இழுத்தால் திறந்துகொள்ளும். உள்ளே வெறும் இருட்டு. அண்ணன் ஒரு வழி சொல்லிக்கொடுத்திருந்தார்: துணி வண்டியின் முன்சக்கரத்தை முதலில் உள்ளே விடு. சக்கரம் தரையில் நின்றால் நீ காலை எடுத்து வை.

என் வீட்டுக்காரருக்கு அது பொறுக்கவில்லை. ஒரு புகார் எழுதினார். எங்கள் சார்பில் எதுவும் அண்ணன் வழியாகத்தான் போகும். அதனால் வீட்டுக்குச் சாப்பிட வந்தவரிடம் நீட்டினார்.

படித்துவிட்டு அண்ணன் சொன்னார்: "மாப்ள, அவங்கள்ல ஒருத்தன் கத்துனா, அவன் கத்துறான்னு சொல்வாங்க. நம்மள்ல ஒருத்தன் கத்துனா, இந்தக் கூட்டமே இப்படித்தான்னு சொல்வாங்க. நாம நேத்து வந்தவங்க."

"ஆறு வருஷமா நேத்துத்தானா மச்சான்?"

அண்ணன் சிரிக்கவில்லை. கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "நேரம் பாத்து நானே குடுக்கறேன்."

"அண்ணன் சொல்றாருல்ல, விடுங்க" என்றேன் நான். அந்த வார்த்தையை நானும் சொன்னேன் என்பதை எழுதித்தான் ஆக வேண்டும்.

மூன்று வாரம் கழித்து வந்தது அந்த நகம் வெட்டிய காலை. வண்டிகள் எல்லாம் கீழே சிக்கிக்கொண்டன. என் வீட்டுக்காரர், மடித்த விரிப்புகளைத் தாடைவரை அடுக்கித் தூக்கிக்கொண்டு, முழங்கையால் லிஃப்ட் கதவைப் பக்கவாட்டில் தள்ளினார். முன்னால் விட்டுப் பார்க்கச் சக்கரம் இல்லை. நான் பத்தடி தூரத்தில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். சத்தம் பெரிதாகக்கூட இல்லை.

மருத்துவமனையில், முகத்தையும் மூடியிருந்த போர்வைக்கு வெளியே ஒரு கை தெரிந்தது. நகம் வெட்டாத கை.

நாலாம் நாள் மேனேஜர் அறையில் விசாரணை. என்னையும் அண்ணனையும் அரசாங்கத்திலிருந்து வந்த அதிகாரிக்கு எதிரே உட்கார வைத்தார்கள். அண்ணனின் சட்டை அன்றும் மடிப்புக் கலையாமல் இருந்தது. எங்களுக்கு ஆதரவாகப் பேசுவதாகத்தான் மேனேஜர் நினைத்திருப்பார்.

"இவங்க ஆளுங்க தங்கமானவங்க சார். ஆறு வருஷத்துல ஒரு புகார் குடுத்ததில்ல."

சாட்சி சொல்ல வந்திருந்த ஸ்டோர்காரர் அவர்கள் ஆள், வெள்ளை மனசுக்காரர். "மேற்குப் பக்கத்து லிஃப்டும் இப்படித்தான் சார் கெட்டுப்போச்சு. நாங்க சத்தம் போட்டோம், ரெண்டே நாள்ல சரி பண்ணிட்டாங்க. இவங்க ஏன் வாயத் தொறக்கலன்னுதான் புரியல."

அண்ணன் பைக்குள் கையை விட்டார். கடிதம் வந்தது. சட்டை மாற்றும்போதெல்லாம் அதையும் எடுத்து மாற்றி வைத்திருக்கிறார். மடிப்புகள் நைந்து போயிருந்தன.

"தொறந்தாங்க சார். பொத்துனது நான்" என்றார் மேனேஜரைப் பார்த்து. "எங்க ஆளுங்களுக்கு நல்ல பேரு வாங்கித் தரேன்னு சொல்லிக்கிட்டேன். அந்தப் பேரு எனக்குத்தான் வேண்டியிருந்துச்சு. சின்னக் கூட்டத்துக்குத் தலைவனா நிக்கறவன், அவங்க குரல உங்ககிட்ட கொண்டாந்து சேக்கணும். அடுத்தவங்க மெச்சணும்னு தன் ஆளுங்கள அடக்கி வச்சா, அவன் தலைவன் இல்ல சார். உங்க கேட்ல நிக்கற இன்னொரு வாட்ச்மேன்."

அதிகாரி பேனாவை மூடிவிட்டு, பிறகு மறுபடி திறந்து எழுதிக்கொண்டார்.

அண்ணன் மேஸ்திரி வேலையை விட்டுவிட்டு எங்களோடு வண்டி தள்ள வந்தார். அவரோடு நான் பேச எட்டு மாதமாயிற்று. முதல் பேச்சே சண்டைதான். இப்போது எது கெட்டாலும் யாருக்கும் காத்திராமல் அவரவரே எழுதிப் போடுகிறோம். காலரை யாரும் பார்ப்பதில்லை.

லிஃப்ட் கதவை அடுத்த வாரமே மாற்றிவிட்டார்கள். புதுக் கதவு, லிஃப்ட் வந்து நின்றால்தான் திறக்கும். உள்ளே விளக்கும் எரியும். ஆனாலும் நாங்கள் பத்துப் பேரும், அண்ணன் உட்பட, முன்சக்கரத்தை முதலில் விட்டுப் பார்த்துவிட்டுத்தான் இன்றும் காலை எடுத்து வைக்கிறோம்.