லண்டன் போகவிருந்த சகலை

இதனால் பூம்பாறை வாழ் பெருமக்களுக்கும், பூண்டு வயல்களுக்கும், கேரட் மூட்டைகளுக்கும் அறிவிப்பது என்னவென்றால்: இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு பங்குனி மாதம், நமது ஊர்க் கந்தவேல் லண்டன் மாநகரத்து ஐந்து நட்சத்திர ஹோட்டலொன்றின் உதவி மேனேஜராக நியமிக்கப்பட்டார். சம்பளம் மாதம் இரண்டாயிரத்து இருநூறு பவுண்டு. சாப்பாடும் தங்குமிடமும் இலவசம்.

இந்தச் செய்தியால் உடல்நலம் பாதிக்கப்பட்ட ஒரே மனிதன் மயில்சாமி.

அவன் கந்தவேலின் சகலை. அக்காள் ஜோதிமணியை இவனும், தங்கை சத்தியபிரியாவைக் கந்தவேலும் கட்டியிருந்தார்கள். மயில்சாமி கொடைக்கானல் ஏரிப்பக்கத்து ஹோட்டலொன்றில் பதினான்கு வருடமாக ரூம் பாய். பெட்ஷீட்டைச் சுருக்கமில்லாமல் விரிப்பதில் அவனை மிஞ்ச அந்த மலையில் ஆளில்லை. டீ கிளாஸையே இரண்டு கையாலும் பிடிக்கிற பூண்டுக்காரன் ஹோட்டல் மேனேஜராமா! மூன்று நாளாக மயில்சாமிக்குச் சோறு இறங்கவில்லை.

"தங்கச்சிக்காரி லண்டன்ல குடியிருக்கப் போறா. நான் நீங்க கொண்டாற மிச்ச சோப்புல குளிச்சிக்கிட்டுக் கெடக்கேன்" என்றாள் ஜோதிமணி.

நாலாம் நாள், அந்த வேலை தனக்கும் கிடைக்குமா என்று விசாரிக்க, பஜாரில் யாகூப் நடத்தும் பிரவுசிங் சென்டருக்குப் போனான். கந்தவேலுக்கு வந்த கடிதத்தைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தவர் யாகூப்தான்.

"ஒங்களுக்குமா?" என்று சிரித்தார் யாகூப். "ஒங்க சகலை போக இன்னும் மூணு பேருக்கு இதே லெட்டர் வந்திருக்குங்க. பெரும்பாறையில ஒருத்தர், பள்ளங்கியில ரெண்டு பேரு. பேரு மட்டும்தான் வேற, எல்லாருமே உதவி மேனேஜருங்க. அம்புட்டுப் பெரிய ஹோட்டலு, எவன் வேணாலும் தொறக்குற இலவச மெயில்லயா லெட்டர் அனுப்பும்? விசாச் செலவுன்னு முப்பத்தெட்டாயிரத்த டெல்லியில யாரோ ஒருத்தன் பேருக்குக் கட்டச் சொல்றான். கட்டாதீங்கன்னேன். பொறாமையில பேசுறேன்னுட்டுப் போயிட்டாரு."

மயில்சாமி வெளியே வந்து நாலு பரோட்டா தின்றான்.

அடுத்த நடவுக்காக அடுப்புப் புகையில் கட்டித் தொங்கவிட்டிருந்த விதைப்பூண்டு முழுவதையும் விற்று, திங்கட்கிழமை கந்தவேல் பணம் கட்டப் போகிறான் என்பது அவனுக்குத் தெரியும். விதையை விற்ற குடும்பம் அடுத்தவன் வயலில் களையெடுக்க வேண்டியதுதான் என்பதும் தெரியும். தெரிந்தும் இனித்தது. வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்தான். வாயை மூடுவது அவன் தொழிலில் பாதி. எந்த அறையில் யார் யாரோடு தங்கினார்கள் என்று இதுவரை அவன் மூச்சு விட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கந்தவேல் ஒரு தாளைச் சுருட்டிக்கொண்டு வந்தான்.

"அண்ணே, ஃபிளக்ஸுக்கு மாதிரித் தாளு. நாளைக்கு பஸ் ஸ்டாப்புல கட்டுறோம். சரியா இருக்கா பாருங்க."

யாருடைய கோட்டின்மீதோ கந்தவேலின் தலை. 'லண்டனை ஆள வரும் எங்கள் அண்ணனே' என்று எழுத்து. அடியில் வாழ்த்துவோர் வரிசை. அதில் தன்னைத் தேடினான் மயில்சாமி. கடைசியில், ஒரு பூண்டுப் பல் அளவுக்கு இருந்தான். கீழே 'ரூம் பாய்' என்று போட்டிருந்தது.

கந்தவேல் ஏமாந்து நிற்க எப்படியும் ஒரு வாரம் ஆகும். அதுவரை அந்தக் கோட்டு தொங்கும். ஊர் அண்ணாந்து பார்க்கும். பொய்ப் பெருமைதான், ஆனாலும் ஏழு நாள் பெருமை. மயில்சாமியால் ஏழு நிமிடம் தாங்க முடியவில்லை.

"ஏலே கிறுக்கா! எங்க ஹோட்டல்ல தட்டுக் கழுவ ஆளெடுக்கவே மேனேஜர் நேர்ல நிக்க வெச்சு நகத்தப் பாப்பாரு. எங்க தங்குறேன்னு கேப்பாரு. லண்டன்காரன் ஒன் நகத்தப் பாத்தானா? ஒரு கேள்வி கேட்டானா? வேல குடுக்குறவன் காசு குடுப்பானா, ஒன்கிட்டக் காசு கேப்பானா?"

"வயித்தெரிச்சல்ல பேசாதீங்கண்ணே."

"ஆமாலே, வயித்தெரிச்சல்தான்! மூணு நாளு சோறே எறங்கல. ஒன்னைய மாதிரி இன்னும் மூணு மேனேஜருக்கு வந்த லெட்டரு யாகூப் கம்ப்யூட்டர்ல கெடக்கு. வெள்ளனே வா, காட்டுறேன்."

மறுநாள் காலை கந்தவேல் மூன்றையும் படித்தான். அதே வரிகள், அதே கையெழுத்து. ஒரு டீயைக் குடித்துவிட்டு, இரண்டு கையாலும்தான், எழுந்து போனான். பணம் கட்டவில்லை. விதைப்பூண்டு புகையிலேயே தொங்கியது. ஃபிளக்ஸ் அச்சாகவில்லை.

ஒரு நன்றியை மயில்சாமி எதிர்பார்த்தான்.

அடுத்த வாரம் கொடைக்கானல் பஸ்ஸில் ஏறியபோது, கூட்டத்துக்கு நடுவே கந்தவேல் பேசிக்கொண்டிருந்தான்.

"நேர்ல பாக்காம வேல குடுத்தா நம்பாதீங்க. இலவச மெயில்ல வந்தா நம்பாதீங்க. மொதல்ல காசு கேட்டா கிட்டவே போகாதீங்க. நான் எழுத்தெழுத்தாப் படிச்சேன். ஒடனே புடிச்சிட்டேன்!"

"லண்டன்காரனையே புடிச்ச மூளை!" என்று கந்தவேலுக்கு இடம் விட்டு நகர்ந்தாள் ஊர்க்காரி குஞ்சம்மாள். "தம்பி, இப்படி ஒக்காருங்க."

மயில்சாமி கொடைக்கானல் வரை நின்றுகொண்டே போனான்.