தகர டிரைவருக்குப் பொரிப் பொட்டலம்

1988-ஆம் வருஷம் ஆயுத பூஜை முடிந்த மறுநாள், ஒன்றரை அங்குல உயரமுள்ள தகர டிரைவர் ஒருவருக்கு வேலை திரும்பக் கிடைக்கும்வரை வண்டி எடுக்க மாட்டோம் என்று திருப்பூர் வீரபாண்டி லாரி ஸ்டாண்டு டிரைவர்கள் பதினொரு பேரும் தங்கள் சாவிகளை ஒரு மஞ்சப்பையில் போட்டு வேப்பமரத்தில் கட்டிவிட்டார்கள். அந்த வாரம் நூல் விலை கிலோவுக்கு இரண்டு ரூபாய் ஏறியிருந்ததால் ஊர் பெரும்பாலும் அதைப் பற்றித்தான் பேசியது. ஆனால் குருசாமியின் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கும் நஞ்சம்மாளுக்கு நூல் விலையைப் பற்றிக் கவலைப்பட நேரமில்லை. அந்த டிரைவரை வேலைக்குச் சேர்த்ததே அவள்தான்.

குருசாமி குன்னத்தூர்ப் பக்கம் கடலைக்காய் போட்டுக்கொண்டிருந்தவர். எக்ஸ்போர்ட்டில் இறங்கும்போது அவர் கற்றுக்கொண்ட இங்கிலீஷ் இரண்டே வார்த்தை: நோ பிராப்ளம். அவரிடம் சரக்கு வாங்கும் ஒரே பையர் ஹாலந்துக்காரர் ஹென்ட்ரிக். நாற்பத்தைந்து நாளில் எண்பதாயிரம் டீ-சர்ட் முடியுமா என்று அவர் கேட்டால் நோ பிராப்ளம். போன தடவை ஒரு கை நீளமாகவும் ஒரு கை குட்டையாகவும் இருந்ததே என்றாலும் நோ பிராப்ளம். பையரிடம் முடியாது என்று சொன்னவன் திருப்பூரில் இன்னும் பிறக்கவில்லை. பிறந்திருந்தாலும் ஊரைவிட்டுப் போயிருப்பான். இப்படியிருக்க, அந்த வருஷம் ஆவணியில் ஹென்ட்ரிக் தம் பெட்டியைத் திறந்து, டீ-சர்ட் சாம்பிள்களுக்கு நடுவிலிருந்து ஒரு முழ நீளத் தகர லாரியை எடுத்து மேசைமேல் வைத்தார். 1936-இல் அவருடைய அப்பா வாங்கிக் கொடுத்தது. சாவி கொடுத்தால் ஓடும். இப்போது தமக்கு முழங்கால் மடங்குவதில்லை, குனிந்து சாவி கொடுக்க முடியவில்லை, நாற்காலியில் உட்கார்ந்தபடியே இதை ரேடியோவில் ஓட்ட வழி செய்ய முடியுமா, அதே சமயம் வெளியே ஒரு கம்பிகூடத் தெரியக் கூடாது என்றார். குருசாமிக்கு அதில் புரிந்தது முடியுமா என்பது மட்டும்தான். நோ பிராப்ளம் என்றார்.

வேலை வெள்ளியங்கிரியிடம் வந்தது. நஞ்சம்மாளின் வீட்டுக்காரரான அவர் கம்பெனியின் நிட்டிங் மிசின் பிட்டர். ரேடியோ விஷயத்தில் அவருக்கு இருந்த தகுதி, கம்பெனி ரேடியோவை இரண்டு முறை பிரித்துப் பூட்டியதுதான். இரண்டாம் முறைக்குப் பிறகு அது நேற்றைய செய்திகளை மட்டும் வாசித்து வந்தது. யாரும் குறை சொல்லவில்லை. பேப்பரும் மத்தியானம்தானே வருகிறது. வெள்ளியங்கிரி சென்னைக்கு ஆள் அனுப்பி ஒரு ரிமோட் கார் வாங்கி அதன் வயிற்றைக் கிழித்தார். பழைய டேப் ரிக்கார்டரின் மோட்டாரை லாரியின் அடிச்சட்டத்துக்குக் கீழே மறைத்தார். முன் அச்சை அறுத்து, சக்கரம் இரண்டு பக்கமும் திரும்பும்படி செய்தார். எல்லாம் அடங்கிவிட்டது. சிக்னல் வாங்கும் பெட்டியும் பேட்டரியும் மட்டும் மிஞ்சின. பின்தொட்டி திறந்து கிடக்கிறது, வைத்தால் வெளியே தெரியும். முன்னால் கேபினுக்குள் வைக்கலாம் என்றால், அங்கே நீலத் தொப்பியும் சுருட்டிய மீசையுமாக ஒரு தகர டிரைவர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி ஐம்பத்திரண்டு வருஷமாக உட்கார்ந்திருந்தது.

"ரேடியோவுல ஓடற வண்டிக்கு டிரைவர் எதுக்கு?" என்று வெள்ளியங்கிரி குறட்டால் நெம்பி அதை வெளியே எடுத்தார். பனியன் வேஸ்டில் சுற்றி ஒரு தீப்பெட்டிக்குள் போட்டார். நஞ்சம்மாள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். "ஏனுங்க, அவனைக் கொண்டு போய்த் தீப்பெட்டியில போட்டீங்க?" என்றாள். "பின்ன, பஞ்சு மெத்தையில போடோணுமா?" என்றார் அவர். பொத்தானை அழுத்தினார். லாரி செக்கிங் மேசைக்கு அடியில் போய், மூன்று பெண்களின் காலைச் சுற்றிக்கொண்டு திரும்பி வந்தது. குருசாமி கைதட்டினார். நோ பிராப்ளம் என்று தமிழர்களிடமும் சொன்னார்.

இரண்டு நாள் கழித்து ஆயுத பூஜை. அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது: பூஜையன்று பொரிப் பொட்டலம் வாங்கியவன் கம்பெனி ஆள். பெயர் பதிவேட்டில் இருக்கிறதா, கார்டு இருக்கிறதா என்றெல்லாம் யாரும் பார்ப்பதில்லை. பொட்டலம் கிடைத்தால் அடுத்த பூஜைவரை வேலை உண்டு. கிடைக்காதவன் மறுநாள் வேறு கம்பெனி கேட்டில் நிற்க வேண்டியதுதான். பொட்டலம் போடுவது எப்போதும் நஞ்சம்மாள்தான். அன்று மிசின், கத்தரி, தராசு, சால்டரிங் கம்பி, லாரி என்று வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தவள், கடைசியில் பாதி திறந்து கிடந்த தீப்பெட்டிக்கு வந்தாள். ஒரு நல்ல நாளும் அதுவுமாக மனசு கேட்கவில்லை. டிரைவரின் நெற்றியில் ஊசி முனையால் ஒரு குங்குமப் பொட்டு வைத்தாள். நாலு பொரியும் ஒரு பொட்டுக்கடலையும் காகிதத்தில் மடித்துப் பக்கத்தில் வைத்தாள்.

மறுநாள் காலை எட்டரைச் சங்குக்குத் தகர டிரைவர் கம்பெனி கேட்டில் நின்றிருந்தார். பொரி வாங்கிய பிறகு அவரை அது என்று எழுதுவது முறையில்லை. கையில் பொட்டலம். "வண்டி எங்கீங்க?" என்று கேட்டார். வெளிநாட்டில் செய்த தகரம் எப்படிக் கொங்குத் தமிழ் பேசுகிறது என்று ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. திருப்பூருக்குப் பிழைக்க வந்தவன் எந்தச் சீமையிலிருந்து வந்தாலும் ஆறே மாதத்தில் 'ங்க' போட்டுத்தான் பேசுகிறான். இவர் கொஞ்சம் சீக்கிரம், அவ்வளவுதான். பதிவேட்டில் பெயர் வேண்டுமே என்று கேட்டதற்கு, தமக்கு இதுவரை யாரும் பெயர் வைக்கவில்லை என்றார். வீரன் என்று எழுதிக்கொண்டார்கள். உள்ளே வெள்ளியங்கிரி பொத்தானை அழுத்து அழுத்தென்று அழுத்தினார். பேட்டரி புதிது, மோட்டார் சூடாக இருந்தது. லாரி மட்டும் அசையவில்லை.

"உன்ர சீட்டுல ரேடியோ உக்காந்திருக்குது. நீ தீப்பெட்டிக்கே போ, கண்ணு" என்றார் குருசாமி நயமாக.

"நான் லீவு எதும் கேக்கலீங்களே" என்றார் வீரன்.

இதைக் கேட்டபடி பெட்டிகளை ஏற்ற வந்து நின்றவர் சோணைமுத்து. மானாமதுரைப் பக்கத்திலிருந்து வந்து இருபது வருஷமாகத் தூத்துக்குடி லைன் ஓட்டுபவர், ஸ்டாண்டில் அவர் வைத்ததுதான் சட்டம். அவர் பெட்டியைக் கீழே வைத்தார். "பொரி குடுத்தீகளா, இல்லையா? குடுத்துப்புட்டு ஆளைத் தீப்பெட்டிக்குப் போகச் சொன்னா என்னய்யா நியாயம்? இன்னைக்கு இந்தச் சின்ன ஆளு. நாளைக்கு என் சீட்டுலயும் ஒரு டப்பாவை வச்சுப்புட்டு, சோணைமுத்து, நீ தீப்பெட்டிக்குப் போன்னு சொல்ல மாட்டீகன்னு என்ன நிச்சயம்?" வீரனைத் தூக்கித் தம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்டாண்டுக்குப் போனார். மத்தியானத்துக்குள் மஞ்சப்பை வேப்பமரம் ஏறிவிட்டது.

எண்பதாயிரம் மெரூன் டீ-சர்ட் கட்டிப் போட்டபடி கிடந்தன. அந்த சீசனில் சாயப்பட்டறைத் தண்ணீர் ஓடும் நொய்யல் ஆற்றில் மீன் பிடிக்கும் கொக்குகளின் கால்கள்கூட மெரூனாகத்தான் இருந்தன. கலர் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க வருகிற பையர்கள் முதலில் கொக்கைத்தான் பார்ப்பார்கள். வியாழக்கிழமை தூத்துக்குடியில் கப்பல். புதன்கிழமை ஹென்ட்ரிக் வருகிறார். சரக்கு கப்பல் ஏறாவிட்டால் ஆர்டர் கேன்சல், கம்பெனிக்குப் பூட்டு, முதலாளி மறுபடியும் கடலைக்காட்டுக்கு. செக்கிங்கிலும் பேக்கிங்கிலும் இருந்த நாற்பத்தாறு பெண்கள் எங்கே போவார்கள் என்று நஞ்சம்மாளை யாரும் கேட்கவில்லை. அவளேதான் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த நாற்பத்தாறில் அவளும் ஒருத்தி.

நான்காம் நாள் புதன்கிழமை காலையில் சோணைமுத்து ஒரு சமாதானத்துக்கு இறங்கி வந்தார். பொரி கொடுத்தது உண்மையா இல்லையா என்று நஞ்சம்மாள் ஒரு வார்த்தை சொல்லட்டும், அதற்குக் கட்டுப்படுகிறோம் என்றார். காரணம் இருந்தது. ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் அவள் பீஸை ஒதுக்கிப் போடுவாள். சொந்த நாத்தனார் தைத்ததாக இருந்தாலும் ரிஜெக்ட் என்றால் ரிஜெக்ட்தான்.

குருசாமி அவளைத் தனியாகக் கூப்பிட்டார். "அம்மிணி, பொட்டலம் தவறிப் போய்த் தீப்பெட்டிகிட்ட உளுந்துருச்சுன்னு சொல்லிப் போடுங்க. ஒரே வார்த்தை. நாப்பத்தாறு ஊட்டுல அடுப்பெரியும்."

"ஆமா புள்ள, பொய்யுங்கூட இல்ல. உம்பட கை அன்னைக்கு நடுங்குச்சு, நாம் பாத்தேன்" என்றார் வெள்ளியங்கிரி. அறுத்த அச்சும் பூட்டிய மோட்டாரும் வீணாகப் போவது அவருக்குப் பொறுக்கவில்லை.

கம்பெனி வாசலில் எல்லாரும் கூடினார்கள். கவிழ்த்து வைத்த நூல் கோன் ஒன்றின்மேல் வீரன் உட்கார்ந்திருந்தார். நாலு நாளாகியும் நெற்றியில் பொட்டு அழியவில்லை. பொட்டலம் மடியில் இருந்தது, இன்னும் பிரிக்கவில்லை. நஞ்சம்மாள் நாற்பத்தைந்து முகங்களையும் பார்த்தாள். பொய் என்பது துணி மாதிரிதான், எவ்வளவு நன்றாக மடித்து வைத்தாலும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் ஓட்டை தெரியும். அதை அவளே 'ஓகே' என்று எப்படித் தள்ளிவிடுவது?

"குடுத்தனுங்க. தவறி உளுகல. நாந்தான் மடிச்சு வெச்சேன்" என்றாள்.

குருசாமி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "முடிஞ்சுது. மழைக்கு முன்னால நான் காட்டுக்குப் போயி உழவு ஓட்டறேன்" என்றார். வெள்ளியங்கிரி பெண்சாதியின் முகத்தைப் பார்க்கவில்லை. அவரைக் குறை சொல்லவும் முடியாது. இரண்டு மாத வேலை அது. நஞ்சம்மாள் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தெருவைப் பார்த்தாள். எதிரே சோணைமுத்துவின் லாரி பாதி லோடோடு, தார்ப்பாய் போர்த்திக் கயிறு கட்டி நின்றது.

"ஏனுங்க சோணைமுத்தண்ணா, தூத்துக்குடி போறதுக்குள்ள எத்தனை செக்போஸ்ட்டு?"

"ஏழு, தாயி."

"என்னைக்காச்சும் தார்ப்பாயை அவுத்துப் பாத்திருக்கறாங்களா?"

"எவனும் பாத்ததில்ல. கயிறு நல்லா இழுத்துக் கட்டியிருந்தா சலாம்கூட வைப்பான்."

அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். "அந்த டப்பாவையும் பேட்டரியையும் பின்னால தொட்டியில வைங்க. மேல தார்ப்பாயைப் போத்திப் போடலாம். லோடு லாரின்னா லோடு இருக்கோணுமல்லங்க? வெளியே ஒரு கம்பி தெரியாது. டிரைவர் அவரு சீட்டுல உக்காந்துக்கட்டும்."

வெள்ளியங்கிரி தகர லாரியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். இதைத்தான் தாமும் நினைத்திருந்ததாகப் பிறகு சொன்னார்; ஐந்து வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்கும் நாலு மணி டீக்கும் நடுவே வேலை முடிந்தது. மெரூன் துணியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தார்ப்பாய் தைத்தாள் நஞ்சம்மாள். ஓவர்லாக் நூலைக் கயிறாக்கிச் சோணைமுத்து தம் கையாலேயே லாரிக் கட்டுக் கட்டிக் கொடுத்தார். வீரன் ஏறி உட்கார்ந்து, தொப்பியைச் சரி செய்துகொண்டார். முதல் சவாரிக்குச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்க வேண்டும். அந்தச் சக்கரத்துக்கு நஞ்சம்மாள் நாலு சுண்டைக்காய் வைத்தாள். மஞ்சப்பை மரத்திலிருந்து இறங்கியது.

ஐந்து மணிக்கு ஹென்ட்ரிக் நாற்காலியில் உட்கார்ந்து பொத்தானை அழுத்தினார். லாரி சுண்டைக்காயை நசுக்கிக்கொண்டு கிளம்பியது. வலது என்றால் வலது போயிற்று, ஆனால் உடனே இல்லை. ஒரு நொடி யோசித்து, பின்னால் வண்டி வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போயிற்று. மேசைக்காலருகே டீக் கிளாஸைக் கண்டதும் நின்றது. எவ்வளவு அழுத்தியும் நகரவில்லை. இரண்டு சொட்டு டீ குறைந்த பிறகு தானே புறப்பட்டது. ஹென்ட்ரிக்கின் கண் கலங்கியது. ஐம்பது வருஷமாக இவன் முகத்தைப் பார்க்கிறேன், இன்றைக்குத்தான் விழித்துக்கொண்டு ஓட்டுகிறான் என்று தம் பாஷையில் சொன்னார். "குவாலிட்டி சூப்பரா இருக்குதுங்கறாரு" என்று குருசாமி எல்லாருக்கும் மொழிபெயர்த்தார்.

சரக்கு கப்பல் ஏறியது. வீரனும் ஹாலந்து போனார். பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே நஞ்சம்மாள் வெளியூர் டூட்டி என்று எழுதினாள். கம்பெனி ஆள் என்றால் பொட்டலம் போக வேண்டுமே. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் சாம்பிள் பார்சலில் நாலு பொரியும் ஒரு பொட்டுக்கடலையும் மடித்து அனுப்பினாள். வருஷங்கள் போயின. மெரூன் போய் நேவி புளூ வந்தது, கொக்குக் கால்களும் மாறின. குருசாமி முதலிபாளையத்தில் இரண்டாவது யூனிட் போட்டார், யெஸ் சார் என்ற இன்னும் இரண்டு இங்கிலீஷ் வார்த்தைகளைக் கற்றுக்கொண்டார். சோணைமுத்து ஓய்வு பெற்று ஊருக்குப் போனார். கடைசிவரை அவர் சீட்டில் டப்பாவை வைக்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

1997 ஐப்பசியில் ஹென்ட்ரிக்கின் மகளிடமிருந்து ஒரு பேக்ஸ் வந்தது. அப்பா காலமாகிவிட்டார், கடைசி நாள் காலையில்கூட நாற்காலியில் உட்கார்ந்து லாரி ஓட்டினார், அதைக் கப்பலில் திருப்பி அனுப்பியிருக்கிறேன் என்று எழுதியிருந்தாள். தூத்துக்குடியிலிருந்து பார்சலை எடுத்து வர ஆள் அனுப்பலாமா என்று குருசாமி யோசித்துக்கொண்டிருந்த மூன்றாம் நாள், காலை எட்டரைச் சங்குக்குத் தகர லாரி தானாகக் கேட்டில் வந்து நின்றது. டயரில் உப்புப் பொரிந்திருந்தது. ஏழு செக்போஸ்ட்டிலும் தார்ப்பாயை யாரும் அவிழ்க்கவில்லை, கட்டு அப்படியே இருந்தது.

வெள்ளியங்கிரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குனிந்து கட்டை அவிழ்த்தார். பேட்டரி எப்போதோ ஒழுகிப் பச்சை பூத்துக் கிடந்தது. டப்பாவுக்குள் ஒரு கம்பிகூட உருப்படியாக இல்லை. தொட்டுப் பார்த்ததும் துருவாக உதிர்ந்தது.

"இது செத்து ஏழெட்டு வருஷம் இருக்கும் புள்ள. அப்பறம் வண்டி இத்தன நாளா எப்படித்தான் ஓடுச்சு?"

"டிரைவர் இருக்கறாரல்லங்க" என்றாள் நஞ்சம்மாள். பதிவேட்டைத் திறந்து, ஒன்பது வருஷ வெளியூர் டூட்டிக்குக் கீழே அன்றைய தேதிக்கு ஒரு டிக் போட்டாள். பிறகு கேபின் பக்கம் குனிந்து, டீ சாப்பிட்டாச்சுங்களா என்று கேட்டாள்.