கறி வாளி

லாலாகுடா ரயில்வே காலனித் தமிழ்ச் சபையில் அசனத்தன்று கறி வாளி யார் கைக்கு வருகிறதோ அவருக்குத்தான் மவுசு. சபையே பந்தியில் உட்காரும் அந்த விருந்தில், வாளி தூக்குகிறவர் கடைசியில்தான் சாப்பிட வேண்டும். திருநெல்வேலியிலிருந்து இந்தத் தெலுங்குச் சீமைக்குக் கூடவே வந்த வழக்கம் அது. அறுபத்தெட்டாம் வருஷம் வாளி செல்லக்கனிக்கு வந்தது. ஒர்க்‌ஷாப் பிட்டரின் மனைவி. வாய் கொஞ்சம் நீளம்.

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. மகளைக் கட்டிக்கொடுத்து ஒரு மாதம்தான் ஆகிறது. சம்பந்தியம்மாள் தங்கபாய் முதல் தடவையாக அசனத்துக்கு வருகிறாள். சீர் குறைவாகத்தான் செய்ய முடிந்தது. அந்தக் குறையை நல்ல துண்டுகளாகப் பார்த்து வைத்துச் சரிக்கட்டிவிடலாம் என்றிருந்தாள்.

காலை ஆராதனையில் போதகர் யூத ஜனத்தைப் பற்றிப் பேசினார். முடிந்ததும் செல்லக்கனி அவரை வழிமறித்தாள்.

"இத்தனை சாதிசனம் இருக்க, கடவுள் அவங்கள மட்டும் பொறுக்கி எடுத்தாரே. அது ஓரவஞ்சனை இல்லையாய்யா?"

"அவங்க பெரிய கூட்டமும் இல்ல, மத்தவங்களவிட ஒசத்தியும் இல்லம்மா. அவருக்குப் பிரியம், அவ்வளவுதான். அந்தப் பிரியம் இன்னைக்கும் மாறல. ஆனா அவங்க கையில குடுத்தது எல்லாருக்கும் போய்ச் சேரணும்னுதான் குடுத்தாரு. நம்ம ரட்சகரே அவங்க வழியாத்தான வந்தாரு?"

பந்தியில் தங்கபாய் முன்வரிசையில் இருந்தாள். செல்லக்கனி கரண்டியை அடிவரை விட்டுத் துண்டுகளாக வாரினாள். வாரியவள் வரிசையை ஒருமுறை பார்த்தாள். கோடியில் காலனித் தெலுங்குக் குடும்பங்கள் சோற்றில் குழி பறித்துக் காத்திருந்தன. எல்லாருக்கும் போய்ச் சேரணும் என்று போதகர் சொன்னது அப்போது பார்த்துத்தானா ஞாபகம் வர வேண்டும்? இந்த மனுஷர் சாப்பாட்டுக்குப் பிறகு பிரசங்கம் வைத்திருக்கக் கூடாதா என்று எரிச்சல்தான் வந்தது. பாதியை வாளியிலேயே தட்டிவிட்டு, மற்றவர்களுக்கு வைத்தது போலவே வைத்து நகர்ந்தாள். சம்பந்தியின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை.

கடைசி இலைவரை துண்டு வந்தது. அவள் உட்காரும்போது வாளியில் குழம்புதான் மிச்சம். தங்கபாய் கை கழுவிவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"தப்பா நினைக்காதீங்க மதினி," என்றாள் செல்லக்கனி. "உங்களுக்கு நிறைய வைக்கணும்னுதான் இருந்தேன். சீரும் குறைச்சலாப் போச்சு, இதுலயும்..."

"நகைநட்டப் பாத்தா உங்க மகள எடுத்தோம்? பிள்ளைய எங்களுக்குப் பிடிச்சுது, எடுத்தோம். அதுக்கு மேல ஒரு காரணமும் கிடையாது. சாப்பிடுங்க."

ஒரு மாதமாகச் செல்லக்கனியின் நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கிவிட்டது. வெறும் குழம்புச் சோற்றை இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.