தானாக விழுந்த பஷீர்

துடியலூர் திருப்பத்தில், மொபெட்டில் போன தன்னை இடித்த காரிலேயே பஷீர் ஆஸ்பத்திரிக்குப் போனார். பின் சீட்டில் அவரைப் படுக்க வைத்து, தலைக்கடியில் ஒரு சால்வையை மடித்து வைத்தவர் காரின் சொந்தக்காரர் சுந்தரராஜுலு. மேடைகளில் போர்த்திய சால்வைகள் அந்தக் காரில் எப்போதும் நாலைந்து கிடக்கும். பெரியநாயக்கன்பாளையத்தில் நூல் மில் வைத்திருக்கும் ராஜுலு, சாலைப் பாதுகாப்புப் பேரவையின் நிறுவனத் தலைவரும்கூட. அன்று காலை சாலைப் பாதுகாப்பு வாரத்தைத் தொடங்கி வைக்கத்தான் அவ்வளவு வேகமாகக் காரை ஓட்டிக்கொண்டு போனார்.

ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் விபத்துப் பதிவேட்டை விரித்து, எப்படி அடிபட்டது என்று கேட்டார். பஷீர் கண்ணைத் திறந்து பார்த்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் ராஜுலு நின்றுகொண்டிருந்தார். அவர் கையில் பஷீரின் செருப்பு இரண்டும் இருந்தன. கணபதியில் ஒரு லேத் பட்டறையில் இருபத்திரண்டு வருஷம் நின்று வேலை பார்த்த பஷீருக்கு, மில் முதலாளி ஒருவர் தன் செருப்பைத் தூக்கிக்கொண்டு நிற்பது எலும்பு முறிந்ததைவிடப் பெரிய சங்கடமாக இருந்தது. அவரை வைத்துக்கொண்டே அவரைச் சொல்வதா?

"வண்டி சறுக்கி நானே உழுந்துட்டேனுங்க" என்றார்.

டாக்டர் எழுதிக்கொண்டார். ராஜுலு கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

எங்கள் ஊரில் ஒருவரைக் குறை சொல்ல வேண்டுமென்றால், அவர் எழுந்து போன பிறகுதான் சொல்வோம். எதிரில் இருக்கும்வரை காபி கொடுப்போம். சட்டத்துக்கு இந்த மரியாதை தெரியாது. டாக்டர் கேட்ட அந்த ஒரு நிமிஷத்தை அது பிடித்துக்கொண்டது.

முதல் வார பில்லை ராஜுலுவே கட்டினார். கட்டியது மறுநாள் பேப்பரில் வந்தது. படத்தில் காலில் கம்பி மாட்டிய பஷீர் ஓரமாகப் பாதி தெரிந்தார். மீதி இடம் ராஜுலுவுக்கே போதவில்லை. அதன் பிறகு பில் கட்டவில்லை, ஆனால் வியாழன் தவறாமல் ஆப்பிள் கூடையோடு வீட்டுக்கு வந்தார். பஷீரின் மனைவி யாஸ்மின், நைட்டி தைத்துக் குடும்பத்தை ஓட்டிக்கொண்டிருந்தவள், தையல் மெஷினை நிறுத்திவிட்டு டீ போடுவாள். மேற்கொண்டு என்ன செய்வது என்று அவள் மெதுவாக ஆரம்பித்தால், பேசி முடித்துக்கொள்ளலாம், கோர்ட்டு கீர்ட்டென்று போனால் உறவு என்னாகும் என்று அவர் வருத்தப்படுவார். எந்த உறவு என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. இப்படி வருத்தப்பட்டே ஐந்து மாதம் ஓடிவிட்டது.

ஐந்தாம் மாதம் பெரியாஸ்பத்திரி டாக்டர், எலும்பு கோணலாகக் கூடியிருக்கிறது, கால் ஒன்றரை அங்குலம் குட்டை, இனி லேத்தில் நின்று வேலை பார்க்க முடியாது என்று சொல்லிவிட்டார். பட்டறை முதலாளி சென்னியப்பனும், நல்லா ரெஸ்ட் எடுங்க பஷீரு, அவசரமே இல்லை என்று சொல்லி, மெஷினுக்கு வேறு ஆள் போட்டிருந்தார். பட்டறைக்கு வரும் வேலையில் பாதி ராஜுலுவின் மில்லில் இருந்து வருவது.

அன்று யாஸ்மின் வக்கீலைத் தேடிப் போனாள். கோர்ட்டுக்குப் பின்னால், ஜெராக்ஸ் கடை மாடியில் இருந்த ஹர்ஷிணிக்கு முப்பது வயதுகூட இருக்காது. அவள் பதிவேட்டு நகலைப் படித்துவிட்டு மடித்து வைத்தாள். பிறகு காரின் நம்பரைப் போனில் தட்டிப் பார்த்துத் திரையை யாஸ்மின் பக்கம் திருப்பினாள். விபத்துக்குப் பதினோரு நாள் முன்பே காருக்கு இன்சூரன்ஸ் முடிந்திருந்தது. புதுப்பிக்கவில்லை.

"இன்சூரன்ஸ் இருந்திருந்தா கம்பெனி குடுத்துட்டுப் போயிருக்குங்கக்கா. அவருக்கு ஒரு பைசா செலவில்ல" என்றாள் ஹர்ஷிணி. "இல்லாததுனால மொத்தமும் அவரு கையிலிருந்து போகோணும். அதுக்குத்தான் வாராவாரம் ஆப்பிளு."

சட்டத்தில் ஆறு மாதம் என்று எழுதியிருக்கிறது, அதற்குள் விபத்து நஷ்டஈட்டு நடுவர் மன்றத்தில் மனு போட்டாக வேண்டும் என்றாள். பஷீருக்கு இன்னும் வேலை பார்க்கும் வயது பதினைந்து வருஷமாவது இருக்கிறது. அந்த வருமானத்துக்கெல்லாம் சேர்த்துக் கேட்க அவருக்கு உரிமை உண்டு. பதிவேட்டில் என்ன எழுதியிருந்தாலும், பக்கத்தில் யார் நின்றார்கள், ஏன் அப்படிச் சொன்னார் என்று விளக்கலாம். முதலில் போலீஸில் புகார் கொடுங்கள், பார்த்த ஆள் யாராவது இருந்தால் கூட்டி வாருங்கள் என்றாள்.

பார்த்த ஆள் இருந்தாள். திருப்பத்தில் பூ விற்கும் கருப்பாத்தாள். அடிபட்ட வாரமே ஆஸ்பத்திரிக்கு வந்து, கார்க்காரர் போனில் பேசிக்கொண்டே வந்து அடித்ததைக் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னவள். யாஸ்மின் ஸ்டேஷனில் புகாரைக் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டு, நேராகத் துடியலூருக்கு பஸ் ஏறினாள். பூக்கடைக்கு மேல் புதிதாக ஒரு பெரிய குடை விரிந்திருந்தது. குடையைச் சுற்றிலும் பேரவையின் பெயர். நாலு பக்கமும் ராஜுலு கும்பிட்டபடி சிரித்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு நான் கடையே போடலியே கண்ணு" என்றாள் கருப்பாத்தாள், மல்லிகையை விட்டுக் கண்ணை எடுக்காமல். ஒரு முழம் பூவை மட்டும் காசு வாங்காமல் கொடுத்தாள்.

யாஸ்மின் வீடு வந்து சேர்ந்தபோது வாசலில் கார் நின்றது. அன்று வியாழக்கிழமை இல்லை. உள்ளே ராஜுலு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பஷீர் கட்டிலில் சுவரோடு ஒட்டியிருந்தார்.

"வாங்க அம்மணி" என்றார் ராஜுலு, அது அவருடைய வீடு போல. "புகார் மனுவுல உங்க கையெழுத்து நல்லா அழகா இருக்குதுங்க."

புகார் கொடுத்து மூன்று மணி நேரம்தான் ஆகியிருந்தது.

அவர் கோபப்படவில்லை. பையிலிருந்து ஓர் அழைப்பிதழை எடுத்துக் கட்டில் மேல் வைத்தார். வரும் ஞாயிறு பேரவையின் ஆண்டு விழா. பஷீர் விழிப்புணர்வுத் தூதர். பெயர் ஏற்கெனவே அச்சாகியிருந்தது. கூடவே டைப் அடித்த ஒரு தாள். மேடையில் அதைப் படித்தால் போதும்: என் அஜாக்கிரதையால் வண்டி சறுக்கி விழுந்தேன், தெய்வம்போல் ஒருவர் காப்பாற்றினார், இளைஞர்களே கவனம். படித்து முடித்ததும் தன் மில்லில் பஷீருக்கு வாட்ச்மேன் வேலை என்று அங்கேயே அறிவிப்பதாகச் சொன்னார்.

"உக்காந்துட்டே பாக்கற வேலைங்க தம்பி. சாகற வரைக்கும் நம்ம கேட்டுலயே இருந்துக்கலாம்."

எழுந்து போகும்போது தையல் மெஷினைத் தடவிப் பார்த்து, வீட்டு ஓனர் தனக்கு வேண்டியவர்தான், வாடகை வீட்டில் கரண்டு மெஷின் போட்டதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லையே என்று அக்கறையாக விசாரித்தார்.

அன்றிரவு பஷீர் தாளை மடித்துப் பிரித்து, மடித்துப் பிரித்து வைத்திருந்தார். ஹர்ஷிணியிடம் போனில் கேட்டதற்கு அவள் பூசி மெழுகவில்லை. கேஸ் முடிய இரண்டு வருஷம்கூட ஆகலாம். ஆனால் மேடையில் தன் வாயால் படித்துவிட்டால் அந்த வீடியோ ஒன்றே போதும், அதற்கப்புறம் யாரும் நம்பமாட்டார்கள். வேலை தருவதாக அறிவிப்பார்களே என்று யாஸ்மின் கேட்டாள்.

"அறிவிப்பாங்கக்கா. நாளைக்கு வேலை இல்லைன்னுட்டா அறிவிப்பை எந்தக் கோர்ட்டுல போய்க் கேப்பீங்க?"

போகாமலே இருந்துவிடலாம் என்றாள் யாஸ்மின். ஞாயிறு காலை ஆறரைக்கே பேரவைத் தொண்டர்கள் நாலு பேர் வேனோடு வாசலில் நின்றார்கள். ஐயா கூட்டியாரச் சொன்னாருங்க என்று ரொம்பப் பணிவாகச் சொல்லி, சொல்லும்போதே பஷீரைத் தூக்கிவிட்டார்கள். யாஸ்மின் முந்திக்கொண்டு வேனில் ஏறினாள்.

கல்லூரி ஒன்றின் கலையரங்கம். வருகைப்பதிவு உண்டு என்று சொல்லியிருந்ததால் மாணவர்கள் நிறைந்திருந்தார்கள். ராஜுலுவை வரவேற்கப் பதினைந்து நிமிஷம் ஆயிற்று. சாலைப் பாதுகாப்புக்கு மூன்று நிமிஷம். மேடையில் தலைவருக்குப் பக்கத்து நாற்காலியில், யாஸ்மின் யாரிடம் புகார் கொடுத்தாளோ அந்த இன்ஸ்பெக்டர் சிறப்பு விருந்தினராக உட்கார்ந்திருந்தார்.

நாலு தொண்டர்களும் பஷீரை நாற்காலியோடு ஏழு படி தூக்கி மேடையேற்றினார்கள். ராஜுலு மைக்கைத் தானே எடுத்து வந்து பஷீரின் வாய்க்கு நேரே பிடித்தார். மற்றக் கை பஷீரின் தோளில் இருந்தது. கேமராக்கள் நெருங்கி வந்தன.

பஷீர் தாளைப் பார்த்தார். கீழே முன் வரிசையில் எழுந்து நின்ற யாஸ்மினைப் பார்த்தார். தாளை மடித்தார்.

"ஐயா ரொம்ப நல்லவருங்க" என்று ஆரம்பித்தார். ராஜுலு தலை குனிந்து அடக்கம் காட்டினார். "ஆனா நானா உழுகலீங்க. ஐயா காருதானுங்க இடிச்சது. அன்னைக்கு ஐயா பக்கத்துல நின்னதுனால சொல்ல முடியலீங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

இன்ஸ்பெக்டர் தன் தொப்பியைத் திருப்பி உள்பக்கம் பார்த்தார். தொகுப்பாளினிதான் முதலில் சுதாரித்து, உணர்ச்சிமிகு உரை, பலத்த கரவொலி என்றாள். மாணவர்கள் கை தட்டினார்கள். ராஜுலுவும் சிரித்த முகத்தோடு சேர்ந்து தட்டினார். தட்டி முடித்ததும் கை பழையபடி தோளுக்கு வந்தது. மைக்கை அணைத்துவிட்டுக் குனிந்து பஷீரின் காதில் ஏதோ சொன்னார். தேசிய கீதம் போட்டார்கள்.

பத்து நிமிஷத்தில் அரங்கம் காலி. பேனரைச் சுருட்டினார்கள், மேஜைத் துணியை மடித்தார்கள், ஏசியை நிறுத்தினார்கள். நாற்காலியைத் தூக்கி வந்த நாலு பேரையும் காணவில்லை. வேனும் போய்விட்டது. யாஸ்மின் படியேறி மேடைக்கு வந்தாள்.

"என்ன சொன்னாருங்க காதுல?"

"ஒண்ணுமில்ல. பாத்து எறங்குங்க தம்பின்னாரு."

மேடை விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. யாஸ்மின் அவருடைய கையைத் தன் தோள் மேல் போட்டுக்கொண்டாள். முதல் படியில் எந்தக் காலை வைப்பது என்று இருவருக்கும் தெரியவில்லை.