எவெலினாவின் கடைசி வரி

இடது காலுக்கு சொக்ஸ் போட்டு முடிப்பதற்குள் வலது காலில் போட்டதைக் குலசேகரம் உதறிவிட்டார்.

"இந்த நிலையிலையும் குழப்படி குறையேல்லை" என்று தவமலர் கணவரை ஏசினாள். இன்றைக்கே உயிர் போகலாம் என்று நேர்ஸ் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

வீட்டு முன்னறையில் ஆஸ்பத்திரிக் கட்டில். சுற்றிவரக் கப்பல் புத்தகங்கள். கவுன்சில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாள் தொட்டு மனுசனுக்கு ஒரே வேலைதான். நெப்போலியன் காலத்துப் பிரித்தானிய ஃபிரிகேட் போர்க்கப்பல்கள் எங்கே கட்டப்பட்டன, யாரோடு சண்டை பிடித்தன, கடைசியில் என்ன ஆயின என்று இணையத்தில் எழுதுவது. எவெலினா என்ற ஒன்றுதான் அவரைப் படாதபாடு படுத்தியது. 1807 ஐப்பசியில் மதராசிலிருந்து திருகோணமலைக்குப் புறப்பட்ட கப்பல், போய்ச் சேரவேயில்லை. சோற்றுக்கோப்பைக்கு முன்னாலும் அதே கதைதான்.

"ஆவணக் காப்பகத்திலையிருந்து மெயில் வந்ததோ?" கண் திறக்காமலே கேட்டார்.

மகள் றூபினி போனைப் பார்த்தாள். காலையிலேயே வந்திருந்தது. ஒன்றும் கிடைக்கவில்லையாம். அவள் வாய் திறக்கமுதல் தவமலர் முந்திக்கொண்டாள்.

"ஓம், வந்திட்டுது. எவெலினா திருகோணமலைக்குப் போய்ச் சேர்ந்திட்டுதாம்."

"அம்மா!"

"நீ பேசாமல் இரு."

"ஆதாரம்?" என்றார் குலசேகரம்.

ஐயோ, இந்த மனுசன்! "கப்பல் மாஸ்டரின்ரை லொக்புக்கிலை எழுதியிருக்காம். புயலிலை முன்பாய்மரம் முறிஞ்சு போச்சாம். அதாலைதான் சுணங்கினது."

"கப்பல் பொடியள்?"

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை. எல்லாரும் இறங்கி நல்ல தண்ணி குடிச்சவையாம்."

அவருடைய உதட்டோரத்தில் சிரிப்பு வந்தது. அவள் கையைத் தேடிப் பிடித்தார்.

"இணையத்திலை போட்டிடாதையும், தவம். எனக்கு இவ்வளவு காணும்."

அவருக்குத் தெரிந்துவிட்டது. தவமலருக்கு வெட்கமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

பின்னேரம், தேத்தண்ணி நேரத்தில் மூச்சு நின்றது. நேர்ஸ் வந்து பார்த்து உறுதி செய்துவிட்டுப் போனாள். றூபினி அழுது ஓய்ந்து, அப்பாவின் லப்டொப்பைத் திறந்தாள். அவர் எழுதிவந்த பக்கத்தில் எவெலினாவின் கடைசி வரி இன்னும் எழுதப்படாமல் இருந்தது.

"நீங்கள் சொன்னதையே எழுதட்டோ அம்மா?"

"வேண்டாம். தெரியாது எண்டே போடு."

போர்வைக்கு வெளியே அவருடைய வலது கால் தெரிந்தது. தவமலர் கட்டிலுக்கடியில் குனிந்து, விழுந்து கிடந்த சொக்ஸை எடுத்து மெல்ல மாட்டிவிட்டாள். இந்தமுறை அவர் உதறவில்லை.