ஏழாவது ஸ்லைடு

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை நான் யோசித்துப் பிடித்தது இல்லை. என் அக்கா மகள் சொன்னது. படிப்புப் பயணம் போய் வந்த வாரம், எதிரே உட்கார்ந்து, டீயைத் தொடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள். "எழுதுங்க மாமா. கதையிலயாவது அந்த அக்காவுக்கு வேலை போகக் கூடாது" என்றாள். முடியாது என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நோட்டை எடுத்துவிட்டேன்.

2

இப்படித் தொடங்கினேன்: 'சர்வதேச வணிகம் படிக்கும் இருபத்திரண்டு மாணவர்கள், கண்களில் கனவுகளோடு விமானத்தில்...'

(அடித்துவிட்டேன். அக்கா மகள் கண்ணில் இருந்தது தூக்கம்தான்.)

மறுபடியும். வெளிநாட்டில் ஒரு சட்டைத் தொழிற்சாலை. ஐந்து நாள் சுற்றிப் பார்த்துவிட்டு, மாணவர்கள் மேலாளர் முன்னால் ஆளுக்குப் பத்து நிமிடம் பேச வேண்டும். "பாடப் புத்தகத்துல இல்லாத ஒண்ணைக் கொண்டு வாங்க" என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். இவள் கொண்டுவந்தாள்.

3

காலர் தைக்கும் வரிசையில் தமிழ் பேசும் ஒருத்தி இருந்தாள். அன்பே உருவான...

(இவ்வளவு நல்லவளா? எனக்குச் சந்தேகம். கேட்டேன். "நல்லவங்கன்னு நான் எப்ப சொன்னேன்? வாய் ஓயாம சூப்பர்வைசரைத் திட்டிக்கிட்டே இருப்பாங்க" என்றாள் அக்கா மகள். பிறகுதான் நம்பினேன்.)

ஒவ்வொரு மெஷினுக்கும் பக்கத்தில் ஒரு பெட்டி. மணிக்கொரு தரம் பெட்டியில் இருக்கும் காலர்களை எண்ணுவார்கள். பக்கத்து மெஷின்காரி ஆறு மாதக் கர்ப்பிணி, கை ஓடவில்லை. தமிழ் பேசியவள் தான் தைத்ததில் நாலைந்தை எடுத்து அந்தப் பெட்டியில் போட்டாள்.

"எதுக்குக்கா?" என்று கேட்டாள் அக்கா மகள்.

"குறைஞ்சா வீட்டுக்கு அனுப்பிடுவாங்கம்மா. எனக்குக் கை வேகம். போகட்டும்."

யாரிடமும் சொல்லாதே என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை. அதைச் சொல்லவும் வேண்டுமா என்று இருந்திருப்பாள்.

4

மேலாளர் முன்னால் அக்கா மகள் காட்டிய ஏழாவது ஸ்லைடின் தலைப்பு: 'தொழிலாளர்களின் தன்னார்வக் கூட்டுழைப்பு'. ஆதாரம் காட்டாவிட்டால் பேராசிரியர் மதிப்பெண்ணைக் குறைப்பார். ஆகவே கீழே, சின்ன எழுத்தில், ஒழுங்காகப் போட்டிருந்தாள்: 'நேர்காணல், மெஷின் எண் 31. நேரில் கண்டது, மெஷின் எண் 32.'

மேலாளர் கை தட்டினார். எண்களைக் குறித்தும் கொண்டார். மறுநாள் சான்றிதழ் வாங்கப் போனபோது இரண்டு மெஷினிலும் வேறு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். வகுப்பிலேயே இவளுக்குத்தான் முதல் மதிப்பெண்.

5

முடிவு அ: மேலாளர் மனம் மாறி இருவரையும்... (சிறுபிள்ளைத்தனம்.)

முடிவு ஆ: இருவருக்கும் வேறு தொழிற்சாலையில் வேலை கிடைக்கிறது. இதை முழுசாக எழுதி அவளிடம் கொடுத்தேன். படித்து அழுதாள். அப்புறம், எத்தனையோ நாளைக்குப் பிறகு, நிம்மதியாகத் தூங்கினாள். எழுந்து போய்க் கிழித்துப் போட்டேன்.

அந்தத் தமிழ் பேசும் பெண்ணின் தொலைபேசி எண் இவளிடம் இருக்கிறது. "கதை முடியட்டும் மாமா, அதை அனுப்பிட்டுப் பேசறேன்" என்கிறாள். நாலு மாதமாகிறது. கர்ப்பிணிக்கு இதற்குள் குழந்தை பிறந்திருக்கும்.

நான் முடிக்கப் போவதில்லை. உங்களுக்கு மனசு கேட்காவிட்டால் நீங்களே ஒரு முடிவை எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டுப் பெண்ணிடம் மட்டும் காட்டிவிடாதீர்கள். அவள் முதலில் போனில் பேசட்டும்.